கைமாறி வரும் காதல் கதைகள்: சோமாலி இளைஞர்கள் இணையத்தில் கதை படிப்பது எப்படி?

சோமாலி மொழியில் ஒரு காதல் கதை படிக்கவேண்டும் என்று பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி ஆசைப்பட்டால், புத்தகக் கடை அவளுக்குப் பெரிதாக உதவாது. ஹர்கெய்சா, மொகதிஷு போன்ற பெரிய நகரங்களில் கடைகள் இருக்கின்றன. ஆனால் சோமாலி நூல்களில் கணிசமானவை நாட்டுக்கு வெளியே, ஸ்வீடன், இங்கிலாந்து, இத்தாலி ஆகிய நாடுகளில் இயங்கும் சிறு பதிப்பகங்கள் வழியாக வருபவை. அவை சிறு ஊர்களைச் சென்றடைவது அரிது. ஆனாலும் அந்தப் பெண்ணின் கைபேசியைத் திறந்து பார்த்தால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று தொடர்கதைகள் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று ஃபேஸ்புக்கில், இன்னொன்று வாட்ஸ்அப் குழுவில், மற்றொன்று யாரோ வாசித்துப் பதிவு செய்த குரலாக யூடியூபில்.

இந்தக் கதைகள் அவளிடம் எப்படி வந்து சேர்ந்தன? அதைத்தான் இங்கே எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன். ஒரே வரியில் சொல்வதானால், அவள் கதையைத் தேடிப் போகவில்லை, கதையை யாரோ அவள் கையில் கொடுத்தார்கள். பதிப்பகம், கடை, நூலகம், விமர்சகர் என்று நாம் பழகிய ஏற்பாடு எதுவும் நடுவில் இல்லை. படித்த பெண்ணே அதை அடுத்தவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். இந்த ஏற்பாட்டைப் 'பகிர்வுவழி வாசிப்பு' என்று வைத்துக்கொள்ளலாம்.

சோமாலி பேசுபவர்கள் சோமாலியா என்ற ஒரே நாட்டுக்குள் அடங்கியவர்கள் அல்ல. தனியாட்சி நடத்தும் சோமாலிலாந்து, ஜிபூட்டி, எத்தியோப்பியாவின் கிழக்குப் பகுதி, கென்யாவின் வடகிழக்கு என்று 'ஆப்பிரிக்காவின் கொம்பு' எனப்படும் கிழக்கு முனை முழுவதும் பரவியிருக்கிறார்கள். மொத்தம் இரண்டு கோடிக்கும் மேல் இருப்பார்கள். 1991இல் அரசு கவிழ்ந்து உள்நாட்டுப் போர் மூண்ட பிறகு மினியாபொலிஸ், டொராண்டோ, லண்டன், ஸ்டாக்ஹோம், ஒஸ்லோ, நைரோபி என்று சிதறிப்போனார்கள். சோமாலியாவின் மக்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் முப்பது வயதுக்குட்பட்டவர்கள். இவ்வளவு இளைஞர்கள் இருக்கும் ஒரு மக்கள்கூட்டத்தில் காதல் கதைக்கு வாசகர் குறைவாக இருந்தால்தான் வியப்பு.

கதை துண்டுதுண்டாக வரும்

சோமாலி இணைய உலகில் காதல் கதையின் இயல்பான வடிவம் தொடர்கதை. 'ஷேக்கோ தஹனே' என்பார்கள். தலைப்புக்குக் கீழே 'கைப்தா 1', அதாவது முதல் பகுதி என்று இருக்கும். ஒவ்வொரு பகுதியும் ஒரு கைபேசித் திரையை நாலைந்து முறை விரலால் தள்ளினால் முடிந்துவிடும் அளவுதான். முடிகிற இடம் எப்போதும் ஒரு முடிச்சு: அவள் கதவைத் திறந்தாள், வாசலில் நின்றவன் யார்? கீழே 'தொடர்ந்து வாருங்கள்' என்ற பொருளில் 'லா ஸொஓ'. கடைசிப் பகுதியில் மட்டும் 'டம்மாத்', முற்றும்.

இப்படிப்பட்ட ஒரு கதையின் பயணத்தைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

பெரும்பாலும் அது ஃபேஸ்புக்கில் பிறக்கிறது. சோமாலி மொழி இளைஞர்களுக்கு நீண்ட காலமாக ஃபேஸ்புக்தான் இணையம். எழுதுபவர் ஒரு பக்கத்தையோ குழுவையோ நடத்துவார். பல நேரங்களில் சொந்தப் பெயர் இருக்காது, புனைபெயர்தான். பெண் எழுத்தாளர் என்றால் முகப்படமும் இருக்காது. ஒரு ரோஜா, ஒரு கடற்கரை, முக்காடிட்ட பெண்ணின் பின்புறத் தோற்றம், இப்படி ஏதாவது. கதையோடு வரும் படத்தில் துருக்கித் தொடர் நடிகரோ இந்தி நடிகையோ இருப்பார். வாசகர்கள் அந்த முகத்தையே நாயகனாகவும் நாயகியாகவும் மனத்தில் வைத்துக்கொள்வார்கள்.

பகுதி வெளியானதும் கீழே பின்னூட்டங்கள் குவியும். அவற்றில் பாதிக்கு மேல் ஒரே கோரிக்கை: 'கைப்தா ஹிக்தா', அடுத்த பகுதி எங்கே? சிலர் வெறும் ஒரு புள்ளியை மட்டும் வைப்பார்கள். புதிதாகப் பார்ப்பவருக்கு அது பொருளற்றதாகத் தோன்றும். உண்மையில் அது புத்தகத்தில் வைக்கும் அடையாளச் சீட்டின் வேலையைச் செய்கிறது. அந்தப் பதிவில் புதிதாக ஏதாவது நடந்தால் புள்ளி வைத்தவருக்கு அறிவிப்பு வரும், கதையைத் தேடி அலைய வேண்டாம். அதோடு, அந்தப் பின்னூட்டம் அவருடைய நண்பர்களின் திரையிலும் தலைகாட்டும். ஒரு புள்ளி வைப்பதால் கதைக்கு இன்னும் நாலு வாசகர் கிடைக்கிறார்கள். எழுதுபவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். 'இத்தனை பேர் பகிர்ந்தால்தான் அடுத்த பகுதி' என்று நிபந்தனை வைப்பது வழக்கமாகிவிட்டது.

அடுத்த கட்டம் வாட்ஸ்அப். யாரோ ஒருத்தி பகுதியை அப்படியே நகலெடுத்துத் தன் பள்ளித் தோழிகள் குழுவில் போடுகிறாள். அங்கிருந்து அத்தை மகளுக்கு, அவளிடமிருந்து இன்னொரு ஊருக்கு. ஃபேஸ்புக் கணக்கு இல்லாதவர்களும், பொதுவெளியில் காதல் கதைக்குப் பின்னூட்டம் போடக் கூச்சப்படுபவர்களும் இங்கேதான் படிக்கிறார்கள். என் கணிப்பில் இந்த வலையின் உயிர்நாடி வாட்ஸ்அப்தான். ஃபேஸ்புக்கில் கதை பிறக்கிறது என்றாலும் அது வளர்வது தெரிந்தவர்களுக்குள் நடக்கும் இந்தக் கைமாற்றத்தில். 'இதைப் படி, அழுதுவிட்டேன்' என்று தோழி அனுப்பும்போது அந்த ஒரு வரிதான் விமர்சனம், அதுதான் விளம்பரமும்.

மூன்றாவது, டெலிகிராம். முடிந்த கதைகளின் கிடங்கு அது. நாற்பது ஐம்பது பகுதிகளை யாரோ பொறுமையாகத் தொகுத்து ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி வைத்திருப்பார்கள். நடுவில் ஒரு பகுதியைத் தவறவிட்டவர்களும், காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களும் அங்கே போகிறார்கள்.

அப்புறம் குரல். இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சோமாலியாவில் போர் ஆண்டுகளில் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்ததால் எழுத்தறிவு பரவலாகத் தடைப்பட்டுப்போனது. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் பலருக்குச் சோமாலி காதில் விழுந்தால் புரியும், கண்ணால் படிக்கத் தடுமாறுவார்கள். ஆகவே கதையை ஒருவர் உணர்ச்சியோடு வாசித்துப் பதிவு செய்து, பின்னணியில் மெல்லிய இசை சேர்த்து, அசையாத ஒரு படத்தை வைத்து யூடியூபில் ஏற்றுகிறார். டிக்டாக்கில் இதே வேலை ஓரிரு நிமிடத் துண்டுகளாக நடக்கிறது. படிப்பவர்களைப்போலவே கேட்பவர்களும் ஏராளம். சமையலறையில் வேலை செய்துகொண்டே கேட்கலாம், எழுத்துக் கூட்டத் தெரியாத அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். திரையில் தனியாகப் படிக்கும் கதை இப்படித்தான் வீட்டில் நாலு பேர் சேர்ந்து கேட்கும் கதையாக மாறுகிறது.

தேடுபொறி ஏன் கைகொடுப்பதில்லை

கூகுளில் தேடிப் படித்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். அதற்குச் சில தடைகள் உண்டு.

முதலாவது எழுத்துக்கூட்டல். சோமாலிக்கு அதிகாரபூர்வ எழுத்துமுறை இருந்தும், இணையத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். காதல் என்பதற்கான சொல்லையே இரண்டு விதமாக எழுதும் வழக்கம் உண்டு, பகுதி என்பதற்கான சொல்லையும் அப்படியே. ஒரு வடிவத்தில் தேடினால் மற்ற வடிவத்தில் எழுதப்பட்ட கதைகள் கண்ணில் படாமல் போகலாம். தொடர்கதைக்கு இது பெரிய தொல்லை. முதல் பகுதி ஒரு எழுத்துக்கூட்டலிலும் ஏழாம் பகுதி வேறொன்றிலும் இருந்தால் நடுவில் நூல் அறுந்துவிடும்.

இரண்டாவது, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டியது. சோமாலியில் 'கதை' என்று பொதுவாகத் தேடும் ஒரு பெண் ஆபாசப் பக்கங்களில் போய் விழும் அபாயம் உண்டு. ஒழுக்கமான வீட்டுப் பெண் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய சூழலில், அண்ணனோ அப்பாவோ எடுத்துப் பார்க்கக்கூடிய கைபேசியில், அந்தத் தேடலின் சுவடே ஆபத்து. அதனால் தெரிந்தவர் சேர்த்துவிட்ட குழுவை நம்புகிறார்கள். குழுவை நடத்துபவர் பெரும்பாலும் பெண். யாரைச் சேர்ப்பது, எந்தக் கதையை அனுமதிப்பது, யாரை வெளியேற்றுவது என்று அவள் முடிவு செய்கிறாள். நூலகரும் பதிப்பாசிரியரும் காவலரும் அவள்தான். இப்படிப்பட்டவர்களின் உழைப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அவர்களுக்குச் சம்பளமும் கிடையாது. இந்த வாசிப்பு உலகம் அவர்கள் தோளில்தான் நிற்கிறது என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவதாக, மொழிக்கருவிகள் தாமதமாகவே வந்தன. கூகுளின் மொழிபெயர்ப்புச் சேவையில் சோமாலி சேர்ந்தது 2013 டிசம்பரில்தான். தேடுபொறிகளுக்கும் பரிந்துரை நிரல்களுக்கும் இம்மொழியின் நெளிவுசுளிவு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் சோமாலிக்கு நல்லதே நடந்திருக்கிறது. 1972 அக்டோபர் 21 அன்று ஸியாத் பர்ரே அரசு அம்மொழிக்கு லத்தீன் எழுத்தை அதிகாரபூர்வமாக்கியது. அதற்குமுன் அரபு எழுத்து, ஒஸ்மான் யூசுஃப் கெனடித் உருவாக்கிய ஒஸ்மானியா எழுத்து என்று பல முறைகள் போட்டியிட்டன. தேர்ந்தெடுத்த முறையில் மேல்குறி, கீழ்க்குறி எதுவும் கிடையாது. அரபுத் தொண்டை ஒலிகளுக்குக்கூட லத்தீன் நெடுங்கணக்கில் சும்மா கிடந்த எழுத்துகளையே ஒதுக்கிக்கொண்டார்கள். சாதாரண ஆங்கிலத் தட்டச்சுப் பலகையிலேயே முழு மொழியையும் எழுதிவிடலாம். பன்னிரண்டு பொத்தான் கைபேசியின் காலத்தில் இது எவ்வளவு பெரிய வசதி என்பது தமிழில் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தமிழ் எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறியீடுகள்தான், சோமாலிக்கு 160. எழுத்துரு சிக்கல் ஒருநாளும் வந்ததில்லை. அனுப்பிய கதை எந்தக் கைபேசியிலும் அப்படியே திறக்கும்.

லாரி, ஒலிநாடா, கைபேசி

பகிர்ந்து பகிர்ந்து கதை பரவுவது இணையம் கொண்டுவந்த புதுப் பழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. சோமாலிகளிடம் அது பழைய பழக்கம்.

எழுத்து வருவதற்கு முன் சோமாலி இலக்கியத்தின் பெரும்பகுதி வாய்மொழிக் கவிதை. நம் மோனையைப்போல முதலெழுத்து ஒன்றிவரும் அழகு அதிலும் உண்டு, இன்னும் கறாராக: ஒரு கவிதையை ஓர் ஒலியில் தொடங்கினால் கடைசி வரிவரை அதே ஒலி வந்துகொண்டே இருக்கவேண்டும். மனப்பாடம் செய்ய அது பெரிய துணை. கவிஞர் சொன்னதை ஒரு சொல்கூட மாற்றாமல் நினைவில் வைத்து ஊர் ஊராகச் சொல்பவர்கள் இருந்தார்கள். பாடும்போது கவிஞரின் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்பது எழுதாத சட்டம்.

அந்தப் பழைய கவிதையில் போர், ஒட்டகம், குல வழக்கு எல்லாம் இருந்தன. ஓர் ஆண் தன் காதலை வெளிப்படையாகப் பாடுவதுதான் மதிப்புக் குறைவாகப் பார்க்கப்பட்டது. அதை உடைத்தவராக இன்றும் நினைக்கப்படுபவர் எல்மி போதரி. பெர்பெரா துறைமுகத்தில் ரொட்டிக்கடையில் வேலை பார்த்தவர். ஹோதன் என்ற பெண்ணைப் பார்த்தார், மணக்க முடியவில்லை, அவளுக்கு வேறிடத்தில் திருமணம் ஆனது. அவளை நினைத்தே பாடிப் பாடி இறந்துபோனார் என்பது சோமாலிகள் எல்லோரும் அறிந்த கதை. 1940களில் லாரி ஓட்டுநரான அப்தி ஸினிமோ 'பல்வோ' என்ற குறுங்காதல் பாடலைப் பிரபலமாக்கினார். இரண்டு வரிதான், தாளத்தோடு பாடலாம். மதப்பெரியவர்கள் கண்டித்தார்கள். அது லாரிப் பாதைகள் வழியே ஊர்விட்டு ஊர் போய்க்கொண்டே இருந்தது. சிறியதாக இருந்தது, நினைவில் நின்றது, கண்டிப்பவர்களின் கைக்கு அகப்படவில்லை. இன்றைய வாட்ஸ்அப் கதைத்துண்டும் இந்த மூன்று காரணங்களால்தான் பரவுகிறது.

பெண்களுக்கென்று 'புரான்பூர்' என்ற தனிக் கவிதை வடிவமும் உண்டு. திருமண வீடுகளிலும் பெண்கள் கூடும் இடங்களிலும் பாடப்படும். ஆண்கள் எழுதிவைத்த இலக்கிய வரலாறுகளில் அதற்கு நெடுநாள் இடம் கிடைக்கவில்லை, பெண்களிடமிருந்து பெண்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்றைய பெண்கள் மட்டுமே உள்ள கதைக் குழுக்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த வரிசை நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

பிறகு வானொலியும் ஒலிநாடாவும் வந்தன. 1979இல் கார்ரியே என்ற கவிஞர் தொடங்கி வைத்த ஒரு கவிதைச் சங்கிலியில் ஹத்ராவி உள்பட ஏறத்தாழ ஐம்பது கவிஞர்கள் மாறி மாறிப் பதில் பாடினார்கள். தணிக்கை கடுமையாக இருந்த காலம் என்பதால் அது ஒலிநாடாவில் நகலாகி நகலாகிப் பரவியது. காதல் பாடல்களும் இதே வழியில்தான் போயின. ஹர்கெய்சா பண்பாட்டு மையம் இப்போது அப்படிப்பட்ட ஒலிநாடாக்களை ஆயிரக்கணக்கில் சேர்த்துப் பாதுகாத்து வருகிறது.

அச்சுக்கதை வந்த வழியும் காதல்தான். 1974இல் வெளிவந்த ஃபாரஹ் எம். ஜே. அவ்லின் 'அறியாமை காதலுக்குப் பகை' என்ற பொருள்தரும் தலைப்புள்ள நாவலைச் சோமாலி மொழியின் முதல் நாவல் என்பார்கள். அதில் நாயகி நாயகனுக்குக் காதல் கடிதம் எழுதுகிறாள், அவனுக்கோ படிக்கத் தெரியாது. நாட்டின் மேல்நிலைப் பள்ளிகளை ஓராண்டு மூடி, மாணவர்களை நாட்டுப்புறத்துக்கு அனுப்பி எழுத்தறிவு இயக்கம் நடத்திய காலத்தில் வந்த நாவல் அது. செய்தித்தாள் தொடர்கதையும் அதே பத்தாண்டில் தொடங்கியது. பின்னாளில் ஆங்கிலத்தில் எழுதி உலகப் புகழ்பெற்ற நுருதீன் ஃபாரஹ் 1973இல் சோமாலியில் ஒரு தொடர்கதை எழுதினார், தணிக்கையால் அது நடுவிலேயே நின்றுபோனது. 1991இல் அரசு கவிழ்ந்தபோது அரசு நாளிதழும் நின்றுபோனது. அச்சில் அறுந்த தொடர்கதை கைபேசித் திரையில் திரும்ப முளைத்தது.

தடை வந்தபோது

இந்த வலை எவ்வளவு உறுதியானது என்பது அதை அறுக்கப் பார்த்தபோது தெரிந்தது. 2010 ஏப்ரலில் ஹிஸ்புல் இஸ்லாம் என்ற ஆயுதக்குழு மொகதிஷு வானொலிகளில் இசையைத் தடைசெய்தது. பாட்டுக்குப் பதிலாக வண்டிச் சத்தத்தையும் துப்பாக்கிச் சத்தத்தையும் ஒலிபரப்பின சில நிலையங்கள். 2014 ஜனவரியில் அல்-ஷபாப் என்ற இன்னொரு ஆயுதக்குழு தன் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் கைபேசி இணையத்தை நிறுத்தும்படி நிறுவனங்களுக்குப் பதினைந்து நாள் கெடு வைத்தது. அங்கே திறன்பேசி வைத்திருப்பதே ஆபத்தானது. 2017 ஜூனில் ஒரு கப்பல் கடலடிக் கேபிளை அறுத்துவிட, தெற்கு, மத்திய சோமாலியாவில் மூன்று வாரத்துக்கு மேல் இணையம் படுத்துவிட்டது. 2023 ஆகஸ்டில் தகவல்தொடர்பு அமைச்சு டிக்டாக்கையும் டெலிகிராமையும் தடைசெய்ய உத்தரவிட்டது. அதன் பிறகும் டிக்டாக்கில் சோமாலிப் பதிவுகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

ஒரு செயலி போனால் இன்னொன்று இருக்கிறது. இணையமே போனால் கோப்பை ஒரு கைபேசியிலிருந்து பக்கத்துக் கைபேசிக்கு நேராக மாற்றிக்கொள்ளலாம், நினைவு அட்டையில் ஏற்றிக் கொடுக்கலாம். முழுக்க எழுத்தாலான கதை சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். காணொளிக்கு இல்லாத பிழைப்பு வழி எழுத்துக்கு உண்டு. இணையம் இருக்கும் நாட்களில் செலவும் அதிகமில்லை, சோமாலியாவின் கைபேசித் தரவுக் கட்டணம் ஆப்பிரிக்காவிலேயே மலிவானவற்றுள் ஒன்று.

கடல் கடந்த வாசகர்கள்

டொராண்டோவிலோ லண்டனிலோ பிறந்து வளர்ந்த சோமாலிப் பெண்ணின் வாசிப்பு வேறு பாதையில் போகிறது. அவளுக்கு வாட்பேட் உண்டு. 2006இல் டொராண்டோவில் தொடங்கப்பட்ட கதைத்தளம் அது. அங்கே கதைகள் ஆங்கிலத்தில் இருக்கும், நாயகி முக்காடிட்ட சோமாலிப் பெண்ணாக இருப்பாள். உரையாடலில் அம்மா திட்டுவது மட்டும் சோமாலியில் வரும். 'சோமாலி' என்ற குறிச்சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு கதையிலிருந்து இன்னொரு கதைக்குப் போகலாம். இந்த ஒரு இடத்தில் மட்டும் தேடல் ஓரளவு வேலை செய்கிறது. வாட்பேடில் ஒவ்வொரு பத்திக்குப் பக்கத்திலும் கருத்து எழுதலாம் என்பதால், நாயகன் வாயைத் திறந்த இடத்திலேயே வாசகிகள் கூடிச் சிரிப்பதையும் சண்டை போடுவதையும் பார்க்கலாம். 'என் அம்மாவும் இதையேதான் சொல்வார்' என்ற வகைப் பின்னூட்டம் அங்கே வந்துகொண்டே இருக்கும். தன்னைப்போன்ற பெண்ணைப் பள்ளிப் புத்தகத்திலும் கடைப் புத்தகத்திலும் பார்க்காதவளுக்கு அது சின்ன விஷயம் அல்ல.

இரண்டு உலகங்களும் தனித்தனியாக இருந்தாலும் நடுவில் பாலம் உண்டு. ஒன்றுவிட்ட சகோதரிகள், வீட்டு வாட்ஸ்அப் குழுக்கள், பிறகு குரல்பதிவுகள். படிப்புக்காக மலேசியா, துருக்கி, இந்தியா என்று போகும் சோமாலி மாணவர்களும் கதைகளைக் கையோடு எடுத்துப்போகிறார்கள். புனே, ஐதராபாத், பெங்களூரு விடுதி அறைகளில்கூட இந்தத் தொடர்கள் வாசிக்கப்படலாம்.

கதைக்குள்ளே என்ன இருக்கிறது

பெரும்பாலான கதைகள் ஒழுக்க எல்லைக்குள் நிற்கின்றன. பார்வை, குறுஞ்செய்தி, தொலைபேசிப் பேச்சு, பிறகு குடும்பத்தாரிடம் பெண்கேட்டுப் போவது, திருமணம். தடையாக வருபவை வாசகர்களின் சொந்த வாழ்க்கையிலிருந்தே எடுத்தவை. குலம் பெரிய தடை. தாழ்ந்ததாக ஒதுக்கப்பட்ட கபோயே சமூகத்துப் பையனைக் காதலித்தவளுக்கு வீட்டில் என்ன நடக்கும் என்பது கற்பனை அல்ல. அடுத்தது 'தஹ்ரீப்', லிபியா வழியாகக் கடல்தாண்டி ஐரோப்பா போகும் ஆபத்தான பயணம். திரும்பி வந்து மணப்பேன் என்று சொல்லிப் போனவனிடமிருந்து செய்தி நின்றுபோகும் கதைகள் ஏராளம். வெளிநாட்டுக் குடியுரிமையோடு விடுமுறைக்கு வந்து இறங்கும் மாப்பிள்ளை, அவனுக்காகக் கைவிடப்படும் உள்ளூர்க் காதலன், மணமகன் மணமகளுக்குத் தரவேண்டிய மஹர் தொகை, இரண்டாம் மனைவி, மாமியார், போதை தரும் காத் இலை மெல்லும் கணவன் என்று பட்டியல் நீளும். 'உண்மைக் கதை' என்று தலைப்பில் போட்டால் வாசகர் கூடுவர். இந்தக் கதைகளை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படமாட்டேன். வீட்டில் வாய்திறந்து கேட்க முடியாத கேள்விகளை இந்தப் பெண்கள் கதையின் பின்னூட்டத்தில் கேட்கிறார்கள். 'அவள் விவாகரத்து கேட்டது சரியா?' என்று நூறு பேர் வாதிடுவது கதாபாத்திரத்தைப் பற்றி மட்டும் அல்ல.

கதைப்போக்கில் திரையின் பாதிப்பும் தெரியும். சோமாலியில் குரல்மாற்றம் செய்த இந்திப் படங்களும் துருக்கித் தொடர்களும் அங்கே மிகவும் பிரபலம். போருக்கு முன்பே மொகதிஷு திரையரங்குகளில் இந்திப் படங்கள் ஓடின. பிரிந்த உறவு சேர்வது, மழையில் சந்திப்பு, பணக்காரன் வேடம் மாற்றி வருவது போன்றவை அந்த வழியில் வந்திருக்கலாம். நாயகி மனம் உடையும் இடத்தில் வரும் கவிதை மட்டும் உள்ளூர்ச் சரக்கு, முதலெழுத்து ஒன்றி வரும்.

எழுதியவர் பெயர்

எனக்கு இந்த உலகத்தில் உள்ள ஒரே பெரிய மனக்குறை இதுதான். வாட்ஸ்அப்பில் நகலெடுத்து அனுப்பும்போது முதலில் உதிர்வது எழுதியவர் பெயர். மூன்றாவது கைக்குப் போவதற்குள் கதை அநாதையாகிவிடுகிறது. டெலிகிராம் பிடிஎஃபில் தொகுத்தவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், எழுதியவள் பெயர் இருக்காது. யூடியூபில் வாசிப்பவருக்குப் பார்வையாளர்கள் சேர்வார்கள், எழுதியவளுக்கு அது தெரியக்கூடச் செய்யாது. காகிதமே இல்லாத காலத்தில் கவிஞரின் பெயரைத் தவறாமல் சொல்லிய சமூகம் இது. அந்த வழக்கத்தைக் கைபேசிக்கும் கொண்டுவருவது முடியாத காரியம் அல்ல.

எழுதுபவர்கள் தங்களால் ஆனதைச் செய்கிறார்கள். ஒவ்வொரு பகுதியின் தலையிலும் காலிலும் பெயர் போடுகிறார்கள். கடைசிப் பகுதியைத் தங்கள் பக்கத்தில் மட்டும் வெளியிட்டு வாசகரை மூலத்துக்கு வரவழைக்கலாம். கதையைத் தங்கள் குரலிலேயே பதிவுசெய்யலாம்.

பணத்துக்கும் வழி இல்லாமல் இல்லை. சோமாலிலாந்தின் டெலிசோம் நிறுவனம் 2009இல் 'ஸாத்' என்ற கைபேசிப் பணச் சேவையைத் தொடங்கியது. தெற்கில் ஹோர்மூத் நிறுவனத்தின் 'ஈவிசி பிளஸ்' வந்தது. 2018இல் உலக வங்கி வெளியிட்ட கணக்குப்படி, சோமாலியாவில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ 73 விழுக்காட்டினர் கைபேசிப் பணம் பயன்படுத்துகிறார்கள். தேநீருக்கே கைபேசியில் பணம் அனுப்பும் ஊரில், முடிவுப் பகுதிக்காகச் சில சென்ட் அனுப்ப வங்கிக் கணக்கும் வேண்டாம், கடன் அட்டையும் வேண்டாம். சில எண்களை அழுத்தினால் போதும். பெரிய தளங்களின் விளம்பரப் பங்குக்காகக் காத்திருப்பதைவிட இதுதான் சோமாலி எழுத்தாளர்களுக்கு நம்பகமான வழியாக எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு வழி அச்சு. ஹர்கெய்சாவில் 2008 முதலும் மொகதிஷுவில் 2015 முதலும் புத்தகத் திருவிழா நடக்கிறது. அங்கே வரும் கூட்டத்தில் இளைஞர்களே அதிகம். கைபேசியில் படித்த தொடரைப் புத்தகமாகக் கையில் வாங்கத் தயாராக இருக்கும் வாசகி அந்தக் கூட்டத்தில் இருக்கிறாள். அவளுக்குக் கொடுக்கப் புத்தகம் வேண்டும், அதன் அட்டையில் எழுதியவளின் பெயரும் வேண்டும்.